நேட்டாலின் இரு வரிகள்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நேட்டால் பகுதிக்கும் தமிழ் மக்களுக்கும் இடையிலான உறவு கரும்பினால் உண்டானது. அப்பகுதியின் வரலாற்றில் சர்க்கரையை முன்னிட்டு இரு வேறு வரிகள் பிறந்துள்ளன. முதல் வரி 1895இல் சட்டமாயிற்று. ஒப்பந்தக் காலத்தை உழைத்து முடித்த இந்தியத் தொழிலாளர் மீது அது சுமத்தப்பட்டது. இரண்டாவது வரி 2018இல் நடைமுறைக்கு வந்தது. சர்க்கரை கலந்த குளிர்பானங்கள் மீது அது விதிக்கப்பட்டது.

உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு இனிப்புப் பானங்களுக்கு அரசுகள் வரி விதிக்கலாமா என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுப்பப்படுகிறது. மருத்துவர்களும் பொருளியல் அறிஞர்களும் இதற்கு விடை கூறி வருகின்றனர். வரலாற்றிலிருந்தும் ஒரு விடை கிடைக்கக்கூடும். நேட்டாலின் இரு வரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த வரி நேர்மையானது, எது அநீதியானது என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் நமக்குக் கிட்டும் என்று கருதுகிறோம்.

கரும்பைத் தேடிச் சென்றோர்

நேட்டாலில் முதன்முதலாகச் சர்க்கரை காய்ச்சியவர் எட்மண்ட் மோர்வுட் என்னும் ஆங்கிலேயர். 1851இல் காம்பன்சேஷன் என்னும் இடத்தில் தம் சிறிய ஆலையில் அவர் அதைச் செய்து காட்டினார். மண் கரும்புக்கு ஏற்றது என்பது உறுதியாயிற்று. ஆனால் சொந்த நிலமும் கால்நடையும் கொண்டிருந்த சூலு மக்கள், தோட்ட முதலாளிகள் கேட்ட விதத்தில், அவர்கள் கொடுத்த கூலிக்கு ஆண்டு முழுவதும் உழைக்க முன்வரவில்லை. முதலாளிகளின் பார்வை இந்தியாவின் பக்கம் திரும்பிற்று.

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் ஆகிய அனைவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். அன்றுமுதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோர் 1,52,184 பேர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்களே.

ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். முதலாண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங். பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். அரிசி, பருப்பு, உப்பு முதலியன படியாக அளக்கப்படும். தோட்டத்தை விட்டு உத்தரவுச் சீட்டின்றி வெளியேறினால் சிறை. 1866இல் தடைப்பட்ட இந்த ஆள் ஏற்றுமதி, 1874இல் மீண்டும் தொடங்கிற்று. அதே 1874ஆம் ஆண்டில்தான் பிரிட்டன், ஏழைத் தொழிலாளியின் காலை உணவு மலிவாக வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கு இணங்கி, சர்க்கரை மீதிருந்த இறக்குமதித் தீர்வையை அடியோடு நீக்கிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றுக்கொன்று காரணம் என்று கூற வரவில்லை. ஆயினும் ஒரே பேரரசின் இரு முனைகளில் சர்க்கரை எவருக்கு மலிந்தது, எவருடைய உழைப்பால் விளைந்தது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

மூன்று பவுன் வரி

ஒப்பந்தம் முடிந்த பின்னர்ப் பலர் நாடு திரும்பவில்லை. காய்கறி பயிரிட்டனர், கூடை சுமந்து விற்றனர், சிறு கடைகள் வைத்தனர். இது வெள்ளை வணிகர்களின் கண்ணை உறுத்திற்று. இந்தியரின் உழைப்பு வேண்டும், உரிமையுள்ள குடிமக்களாக இந்தியர் வேண்டாம் என்பதே அன்றைய நேட்டால் அரசின் நிலை. 1893இல் தன்னாட்சி பெற்ற அவ்வரசு, ஒப்பந்தம் முடிந்து தங்கும் ஒவ்வோர் இந்தியரும் ஆண்டுதோறும் 25 பவுன் வரி செலுத்த வேண்டும் என்று திட்டமிட்டது. இந்திய அரசப் பிரதிநிதியாக இருந்த எல்ஜின் பிரபு மூன்று பவுனுக்கு இசைந்தார். 1895இல் சட்டம் நிறைவேறிற்று. 1903இல் 16 வயது நிரம்பிய ஆண் பிள்ளைகளும் 13 வயது நிரம்பிய பெண் பிள்ளைகளும் இவ்வரிக்குள் கொண்டுவரப்பட்டனர்.

கணவன், மனைவி, பிள்ளைகள் இருவர் உள்ள குடும்பத்துக்கு இவ்வரி ஆண்டுக்கு 12 பவுன் ஆகும். குடும்பத் தலைவனின் வருவாய் மாதம் 14 ஷில்லிங்கைத் தாண்டியதில்லை என்று காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். ஆண்டுக் கணக்கில் அது எட்டரைப் பவுன்கூட இல்லை. முழு வருவாயையும் கொடுத்தாலும் தீராத வரி இது.

தீராத வரியை ஓர் அரசு ஏன் விதிக்க வேண்டும்? பணம் திரட்டுவது அதன் முதல் நோக்கமன்று. வரியிலிருந்து தப்ப இரண்டு வழிகள் வைக்கப்பட்டிருந்தன. ஒன்று, மீண்டும் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துத் தோட்டத்துக்குத் திரும்புவது. மற்றொன்று, கப்பலேறி நாடு திரும்புவது. விடுதலை பெற்ற மனிதனாக அம்மண்ணில் வாழ்வதற்கு மட்டும் வழி இல்லை. சர்க்கரைக்கு ஆள் குறையாதிருக்க மனிதர் மீது போடப்பட்ட வரி இது.

1913 அக்டோபரில் இவ்வரியை எதிர்த்து நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. நவம்பரில் அது கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவிற்று. காவலரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த தொழிலாளர் உண்டு. அதே ஆண்டு மார்ச்சில், கிறிஸ்தவ முறைப்படி நடவாத இந்தியத் திருமணங்கள் செல்லா என்று கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பு கிறிஸ்தவ இந்தியரின் இல்லறத்தைத் தொடவில்லை. மூன்று பவுன் வரியோ மதம் பார்க்காமல் எல்லாரையும் தொட்டது. இப்போராட்டத்தில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் தன் பதினாறாம் வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழகம் அறியும். அவ்வாண்டிலேயே இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் இயற்றப்பட்டு, மூன்று பவுன் வரி ஒழிந்தது.

மருத்துவர் கண்ட உண்மை

வரி ஒழிந்தது, கரும்பு ஒழியவில்லை. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் டர்பன் நகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர். சூலு மக்களும் நகரம் நோக்கி வந்தனர். வெட்டி அனுப்பிய சர்க்கரை, மலிவான உணவாக அவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

டர்பனில் எட்டாம் எட்வர்டு மன்னர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் கேம்பெல் என்னும் மருத்துவர், நாட்டுப்புறச் சூலு மக்களிடையே அரிதாக இருந்த நீரிழிவு நோய், நகரத்துச் சூலு மக்களிடமும் நேட்டால் இந்தியரிடமும் மிகுதியாக இருப்பதைக் கண்டார். நகர வாழ்வில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே நோய் தலைகாட்டுகிறது என்றும் கூறினார். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் கிளீவ் என்பவருடன் இணைந்து 1966இல் அவர் வெளியிட்ட நூல், சுத்திகரித்த சர்க்கரையே இதற்குக் காரணம் என வாதிட்டது. சர்க்கரை ஒன்றையே குற்றவாளியாக்குவதைப் பின்வந்த அறிஞர் பலர் ஏற்கவில்லை. பரம்பரை, உழைப்புக் குறைவு, மொத்த உணவின் அளவு ஆகியவற்றுக்கும் பங்குண்டு. எனினும் கரும்பு வெட்டியவரின் வழித்தோன்றல்கள் சர்க்கரை நோய்க்கு ஆளாயினர் என்ற உண்மை மாறவில்லை.

2016இல் தென்னாப்பிரிக்காவில் எடுக்கப்பட்ட தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி, பெண்களில் 68 விழுக்காட்டினரும் ஆண்களில் 31 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். அதே கணக்கெடுப்பு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 27 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருப்பதாகவும் கூறிற்று. மிகை எடையும் ஊட்டக்குறைவும் ஒரே நாட்டில் அருகருகே குடியிருந்தன.

கிராமுக்கு ஒரு வரி

டர்பனில் பிறந்த நிதியமைச்சர் பிரவின் கோர்தன், 2016 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் இனிப்புப் பானங்களுக்கான வரியை அறிவித்தார். குளிர்பான ஆலைகளும் சர்க்கரைத் துறையும் கடுமையாக எதிர்த்தன. முதலில் எண்ணியதினும் குறைந்த அளவில், 2018 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலிட்டரில் 4 கிராம் வரை உள்ள சர்க்கரைக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராமுக்கும் 2018இல் 2.1 சென்ட் விதிக்கப்பட்டது. கலப்பற்ற பழச்சாறுக்கு விலக்கு. 100 மில்லிலிட்டரில் 10.6 கிராம் சர்க்கரை கொண்ட கோலா பானத்தின் 330 மில்லிலிட்டர் குவளையை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கும். அதற்கு 2018இல் வரி சுமார் 46 சென்ட், அதாவது அரை ராண்டுக்கும் குறைவாக இருந்தது.

இவ்வரியிலும் தப்பும் வழி உண்டு. சர்க்கரையைக் குறைக்கும் ஆலை வரியிலிருந்து தப்பும். வரி வரப்போகிறது என்ற அறிவிப்பு வந்த உடனேயே, அது நடைமுறைக்கு வருமுன்னரே, விற்ற பானங்களில் சர்க்கரை குறையத் தொடங்கிற்று. 2021இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, வரிக்குரிய பானங்கள் வழியாக நகர்ப்புற வீடுகள் வாங்கிய சர்க்கரை, நாளொன்றுக்குத் தலைக்கு 16 கிராமிலிருந்து, வரி வந்த அடுத்த ஆண்டில் 11 கிராமுக்கும் கீழே இறங்கிற்று. வருவாய் குறைந்த வீடுகளில் குறைவு அதிகமாக இருந்தது. மக்களின் எடை குறைந்தது என்று இவ்வாய்வு கூறவில்லை. வாங்கிய சர்க்கரையை மட்டுமே அது அளந்தது.

எதிர்ப்போரின் வாதங்களைப் புறந்தள்ளுவதும் முறையன்று. ஏழையின் ஒரே இன்பத்துக்கும் வரியா என்கின்றனர் சிலர். அதே 2018 ஏப்ரல் முதல் நாளில் தென்னாப்பிரிக்காவின் மதிப்புக் கூட்டு வரி 14 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்ந்ததை நினைத்தால், இக்கேள்வியின் வலி புரியும். வேலையிழப்பு மற்றொரு வாதம். முதலாண்டிலேயே 16,000க்கு மேற்பட்ட வேலைகள் பறிபோயின என்று கரும்பு விவசாயிகள் கூறுகின்றனர். மலிவான இறக்குமதியும் பிற இடர்களும் அத்துறையை முன்பே வாட்டியிருந்தன என்று மறுதரப்பினர் விடையிறுக்கின்றனர். எக்காரணத்தால் ஆயினும், வேலையிழந்த வெட்டுத் தொழிலாளியின் அடுப்பு அணைந்ததே. முதலாண்டில் 300 கோடி ராண்டுக்கு மேல் வசூலான இவ்வரி, நலவாழ்வுக்கென்று தனியே ஒதுக்கப்படாமல் அரசின் பொதுக் கருவூலத்தில் கலந்தது. 2022இல் அறிவித்த உயர்வும் நடைமுறைக்கு வராமலே தள்ளிவைக்கப்பட்டது.

நாம் காணும் அளவுகோல்

ஒரு வரியின் உள்ளத்தை அறிய வேண்டுமானால், அதிலிருந்து தப்புவோர் எங்கே சென்று சேர்கின்றனர் என்று பார்க்க வேண்டும். 1895ஆம் ஆண்டின் வரி மனிதனை மீண்டும் அடிமைத்தளைக்கு விரட்டிற்று. 2018ஆம் ஆண்டின் வரி ஆலையைச் சர்க்கரைக் குறைப்புக்கு விரட்டுகிறது. குடிப்பவர் வேறு பானத்தை, குறிப்பாக நீரை, நாடவும் அது இடமளிக்கிறது. முன்னதில் மனிதன் சர்க்கரைக்காக விலைகொடுத்தான். பின்னதில் சர்க்கரை மனிதனுக்காக விலைகொடுக்கிறது.

ஆகவே அரசுகள் இவ்வரியை விதிக்கலாம் என்பதே நம் முடிவு. இருப்பினும் மூன்று கடமைகள் அதனுடன் பிணைந்தவை. முதலாவது, வரி சர்க்கரையின் அளவைப் பொறுத்து ஏறி இறங்க வேண்டும். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடாக உள்ளது. தென்னாப்பிரிக்க வரியைவிட இது மிகப் பெரிது. ஆயினும் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்த ஆலைக்கும் குறைக்காத ஆலைக்கும் அதே விழுக்காடுதான். நன்மை செய்ய விரும்பும் ஆலைக்கு இவ்வரி வழிவிடவில்லை. இரண்டாவது, இனிப்புப் பானத்தைக் கைவிடும் ஏழைக் குடும்பத்துக்குத் தூய குடிநீர் வீட்டருகே கிடைக்க வேண்டும். வசூலான பணம் முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவே. மூன்றாவது, கரும்பு வெட்டி வாழ்ந்தோர் வேலையிழந்தால் அவர்களுக்கு மாற்றுத் தொழில் அமைத்துத் தருவது அரசின் பொறுப்பு.

சர்க்கரையின் விலையில் சேராத செலவைத் தலைமுறைதோறும் வெட்டுத் தொழிலாளியே சுமந்திருக்கிறான். ட்ரூரோவில் சென்றவர் அதை உழைப்பாகவும், வள்ளியம்மை உயிராகவும், அவர்தம் வழிவந்தோர் நோயாகவும் செலுத்தினர். இன்று அதை ஆலையின் கணக்கில் எழுத ஒரு சட்டம் வந்திருக்கிறது. அக்கணக்கு மீண்டும் தோட்டத் தொழிலாளியின் பெயருக்கே மாற்றப்படாமல் காப்பது, சட்டம் இயற்றுவோரின் கடமை மட்டுமன்று; அவர்களைத் தேர்ந்தெடுக்கும் குடிமக்களின் கடமையும் ஆகும்.