தேய்தலும் தேய்த்தலும்: திருவண்ணாமலைக் கல்வெட்டுகளை முன்வைத்து ஒரு வினைச்சொல்லின் வரலாறு

முன்னுரை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கல்வெட்டுகள் 1902ஆம் ஆண்டில் தொல்லியல் துறையினரால் படியெடுக்கப்பட்டன. அவற்றின் பாடங்கள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' எட்டாம் தொகுதியில் 1937இல் அச்சேறின. பின்னர்ப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இக்கோயில் பற்றி வெளியிட்ட பல தொகுதி ஆய்விலும் கல்வெட்டுகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. கல்வெட்டுப் பாடங்களைப் பயில்வோர் அடிக்கடி எதிர்கொள்ளும் குறிப்புகளுள் ஒன்று, 'எழுத்துகள் தேய்ந்துள்ளன' என்பது. எளிய குறிப்பாகத் தோன்றும் இத்தொடரில் உள்ள வினை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைத் 'தேய்' என்னும் வினையின் வழக்காற்று வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு வினையடி, இரு வினைகள்

'தேய்' என்னும் அடி 'தேய்ந்தது' எனத் தன்வினையாகவும் 'தேய்த்தது' எனப் பிறவினையாகவும் வரும். சாய்ந்தான் - சாய்த்தான், மேய்ந்தது - மேய்த்தான் என்பன போன்ற இணை இது. தன்வினையில் குறைகின்ற பொருள் எழுவாயாகிறது. பிறவினையில் குறைப்பவரோ குறைப்பதோ எழுவாயாகிறது.

தொல்காப்பிய உரியியல், முன்பிருந்த ஒன்று நுணுகுதலைக் குறிக்க ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் என்னும் நான்கு சொற்களைத் தருகிறது. 'தேய்தல்' அப்பட்டியலில் இல்லை. வெளிப்படையாகப் பொருள் விளங்காத சொற்களுக்கே உரியியல் பொருள் கூறுகிறது என்பதை நோக்க, 'தேய்' அன்றே விளக்கம் வேண்டாத பொதுவழக்காக இருந்தது எனக் கருத இடமுண்டு.

நற்றிணை 284ஆம் பாடலின் ஆசிரியர் தம் உவமையாலேயே 'தேய்புரிப் பழங்கயிற்றினார்' எனப் பெயர் பெற்றார். இரு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் பழைய கயிற்றின் நிலை அவ்வுவமை. 'தேய்புரி' என்பது வினைத்தொகை. தேய்ந்த, தேய்கின்ற, தேயும் என முக்காலமும் அதில் அடங்கும். கயிறு இன்னும் அறவில்லை, அறாமலும் இருக்கப்போவதில்லை. 'தேய்பிறை' என்னும் வழக்கும் அதே அமைப்புடையது. அழிதல் முடிவைக் குறிக்க, தேய்தல் முடிவை நோக்கிய தொடர்ச்சியைக் குறிக்கிறது. பொருள் இருந்துகொண்டே குறைகிறது என்பதே இவ்வினையின் தனித்தன்மை.

திருக்குறளில் செய்பொருள்

திருக்குறளில் இவ்விரு வடிவங்களும் பயில்கின்றன. அல்லாதவை தேய அறம் பெருகும் என்னும் கருத்துடைய 96ஆம் குறளில் தன்வினை, பெருகுதலுக்கு மறுதலையாக நிற்கிறது. 555ஆம் குறளில் துன்பப்பட்டோர் வடிக்கும் கண்ணீர் செல்வத்தைத் தேய்க்கும் படையாகிறது. 567ஆம் குறளில் கடுஞ்சொல்லும் அளவுமீறிய தண்டனையும் அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரமாகின்றன. உட்பகை கொண்ட குடி, அரத்தால் அராவப்பட்ட பொன்போலத் தேயும் என்கிறது 888ஆம் குறள்.

பிறவினை வரும் இரு குறள்களிலும் தேய்ப்பது எது என்பது வெளிப்படையாகக் கூறப்படுகிறது. தன்வினை வரும் 888ஆம் குறளிலும் அரமும் உட்பகையும் உடன் சுட்டப்படுகின்றன. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்னும் பழமொழியும் எறும்பை மறக்கவில்லை. ஆக, தேய்வுக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் மரபொன்று இவ்வினைக்கு உண்டு.

பொருட்பிரிவு

இன்றைய வழக்கில் இவ்விரு வடிவங்களும் பொருளால் விலகி நிற்கின்றன. எண்ணெய் தேய்த்தல், பல் தேய்த்தல், பாத்திரம் தேய்த்தல், துணி தேய்த்தல் ஆகியவற்றில் உராய்தலும் அழுத்துதலும் உண்டு; குறைத்தல் என்னும் கருத்து இல்லை. திருமுருகாற்றுப்படையில் பகைவரை அழித்தலைக் குறித்த பிறவினை, இன்று பெரிதும் தூய்மை செய்தலையும் பூசுதலையும் குறிக்கிறது.

தன்வினையோ குறைதற்பொருளை இழக்கவில்லை. பழைய நகையை எடைபோடும் கடைக்காரரும், இயந்திரத்தின் மதிப்பைக் கணக்கிடும் கணக்கரும் 'தேய்மானம்' என்றே சொல்கின்றனர். ஆனால், இவ்வழக்குகளில் காரணம் மறைந்துவிடுகிறது. 'ஓடாய்த் தேய்ந்தாள்' என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது, அவளைத் தேய்த்தவர் யார் என்னும் வினா எழுவதில்லை. செயல் ஒரு சொல்லிலும் விளைவு மற்றொரு சொல்லிலும் தங்கிவிட, இரண்டையும் இணைக்கும் நினைவு மொழியிலிருந்து நழுவுகிறது.

கல்லும் திங்களும்

இப்பிரிவின் விளைவைக் கோயிற் சுவரில் காணலாம். கல்வெட்டுகள் பெரும்பாலும் அதிட்டானத்தின் உறுப்புகளிலும் சுவர்களிலும் பொறிக்கப்பட்டவை. அவை வருவோரின் கையும் தோளும் படும் உயரத்தில் உள்ளன. வெயிலும் மழையும் கல்லைத் தேயச் செய்வது ஒருபுறமிருக்க, சுவரைத் தேய்த்துக் கழுவுவதும் ஒரு காரணமாகிறது. தமிழகக் கோயில்கள் சிலவற்றில் சுண்ணாம்புப் பூச்சை அகற்ற மணல்வீச்சு முறை கையாளப்பட்டது. அது கல்லின் மேற்பரப்பையும் எழுத்தின் விளிம்பையும் சேர்த்தே அராவியதால் கல்வெட்டியலாளர் எதிர்த்தனர். செய்தவர் பார்வையில் அது தூய்மைப்பணி. பின்னர் வந்து படிப்பவர் பார்வையில் எழுத்து 'தேய்ந்துள்ளது'. மழை தேய்த்ததையும் மணல் தேய்த்ததையும் ஒரே சொல்லால் குறித்தால், தடுக்கக்கூடிய இழப்பும் தடுக்கவியலாத இழப்பும் ஒன்றாகிவிடும்.

கல்வெட்டுகளின் மொழி தேய்வை அறியாததன்று. அதை மறுக்கவே முயன்றது. சோழர் காலத்தில் விளக்கெரிக்க 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு இறப்பினும் எண்ணிக்கை குறையாது என்பது அதன் பொருள். 'நந்தா விளக்கு' என்பதும் குறையாத, அவியாத விளக்கே. கொடையின் கால எல்லை 'சந்திராதித்தவல்', அதாவது திங்களும் ஞாயிறும் உள்ளவரை எனக் குறிக்கப்பட்டது. மாதந்தோறும் தேயும் திங்களை நிலைபேற்றுக்கு அளவாகக் கொண்டது முரணன்று. திங்கள் தேய்ந்து மீண்டும் வளர்வது. முழுநிலவுதோறும் மலையை வலம்வரும் மக்கள் அவ்வளர்ச்சியைக் கண்டுகொண்டேதான் நடக்கின்றனர். கல்லுக்கு வளர்பிறை இல்லை.

முடிவுரை

தேய்தல் என்பது பொருள் இருக்கும்போதே நிகழும் குறைவு. எனவே தலையிடுவதற்கு இன்னும் காலம் உண்டு என்னும் குறிப்பும் அதனுள் உள்ளது. கல்வெட்டுப் பதிவுகளில் 'தேய்ந்துள்ளது' என்று மட்டும் எழுதாமல், இயற்கையால் தேய்ந்தது, புழக்கத்தால் தேய்ந்தது, தேய்க்கப்பட்டது எனக் காரணத்தைப் பிரித்தெழுதுதல் வேண்டும். காரணம் துணியப்படாதவிடத்து அதனையும் குறித்தல் தகும். முந்தைய படிகளில் தெளிவாக இருந்து இன்று மங்கிய எழுத்துகளை ஒப்பிட்டுக் குறித்தால், தேய்வு எக்காலத்தில் நிகழ்ந்தது என்பதும் புலனாகும். திருக்குறள் அரத்தைச் சுட்டிய மரபை ஆய்வாளரின் குறிப்பேடும் பின்பற்றுமாயின், எஞ்சியுள்ள எழுத்துகளைக் காக்கும் பொறுப்பு எவருடையது என்பதும் தெளிவாகும்.