30 வருசம் விடாத மனுசர்

1986. தைவானில் ராணுவச் சட்டம் நடப்பில் இருந்த காலம். சி சியா-வெய் என்பவர், தானும் தன் ஆண் துணைவரும் கல்யாணம் செய்ய அனுமதி கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார். முடியாதுன்னுட்டாங்க. அதே வருசம் கைதாகி 162 நாள் சிறையில் இருந்தார். வெளியே வந்தும் விடலை. திரும்பத் திரும்ப மனு போட்டார்.

2017 மே 24-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், இரண்டு வருசத்துக்குள் இவங்களுக்கும் திருமண உரிமை கொடுக்கணும்னு தீர்ப்பு சொன்னது.

2018 நவம்பர் பொது வாக்கெடுப்பில், சிவில் சட்டத்தில் கை வைக்க வேண்டாம்னு பெரும்பான்மை மக்கள் ஓட்டு போட்டாங்க. ஆனாலும் தீர்ப்பு நின்னது. அதனால் தனிச் சட்டமா எழுதி, 2019 மே 17-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆசியாவிலேயே இதுதான் முதல். மே 24 சட்டம் நடப்புக்கு வந்தது. அன்னைக்கே 500 ஜோடிக்கு மேல் பதிவு செஞ்சாங்க.

சிறுபான்மையோட உரிமை, பெரும்பான்மை கை தூக்கினாத்தான் கிடைக்கும்னா அது உரிமை இல்லை, தயவு. யோசிச்சுப் பாருங்க.