பன்னிரண்டு வயதுக் கட்டைவிரல்

வெனிலா ஐஸ்க்ரீம் சாப்பிடாதவர் உங்களில் யாராவது உண்டா? ஆனால் வெனிலா ஒரு கொடி, அதுவும் ஆர்க்கிட் வகைக் கொடி என்றால் பாதிப் பேர் 'அப்படியா?' என்பீர்கள். (தெருமுனைக் கப் ஐஸில் இருப்பது பெரும்பாலும் ஃபேக்டரி வாசனை. அது வேறு கதை.)

மகா சொகுசுக் கொடி அது. பனி ஆகாது. உச்சி வெயில் ஆகாது. வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். ஒரு மீட்டர் தண்டை வெட்டி, இலைமக்கு மண்ணில் நட்டு, கல்யாண முருங்கை மாதிரி நிழல் மரத்தில் ஏற்றிவிட்டால், மூன்றாம் வருஷ வாக்கில் இளம்பச்சை கலந்த மஞ்சளில் பூக்கும். காலையில் விரிகிற பூ, அன்றைக்கே வாடிவிடும். அதற்குள் மகரந்தம் சேர்ந்தாக வேண்டும். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே குறுக்கே ஒரு சவ்வு, சாத்திய கதவு மாதிரி!

தாய்வீடான மெக்ஸிகோவில் அந்தக் கதவைத் தாண்டப் பூச்சிகள் இருந்தன. கப்பலேறிப் போன ஊர்களில் கொடி படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. 1836-ல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்கிற பேராசிரியர் கையாலேயே மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் அவர் முறை தோட்டக்காரர்களுக்குக் கைகொடுக்கவில்லை.

1841. இந்தியப் பெருங்கடலில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ரீயூனியன் தீவு. பெல்லியே-போமோன் என்ற தோட்ட முதலாளி, இருபது வருஷமாக மலடாக நின்ற தன் கொடியில் காய் தொங்குவதைப் பார்த்துத் திகைத்தார். "நான்தான் செய்தேன்" என்றான் எட்மோன். வயது பன்னிரண்டு. பிறந்தபோதே தாயை இழந்தவன். அடிமை. முதலாளி நம்பவில்லை. செய்து காட்டினான். மெல்லிய குச்சியால் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். சில நொடி வேலை, அவ்வளவுதான்!

பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அவனை அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். 1898 வாக்கில் தீவின் ஏற்றுமதி சுமார் 200 டன். எட்மோனின் கணக்கில் வரவு? பூஜ்யம்.

1848-ல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலையும், 'ஆல்பியஸ்' என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. லத்தீனில் 'வெள்ளை' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கறுப்புப் பையனுக்கு! பிறகு நகைத் திருட்டு வழக்கில் சிறை. பழைய முதலாளியே மனு எழுதி, தண்டனை முடியும் முன்பே வெளியே கொண்டுவந்தார். ரிஷார் என்ற தாவரவியல்காரர் 'அந்த வித்தை என்னுடையது' என்று உரிமை கொண்டாடியபோதும், மறுத்து எழுதியவர் அவர்தான்.

இன்றும் மடகாஸ்கர் தோட்டங்களில் ஒவ்வொரு பூவுக்கும் அதே குச்சி, அதே கட்டைவிரல். எட்மோன் 1880-ல், தான் பிறந்த சான்ட்-சூசான் ஊரிலேயே, பரம ஏழையாகச் செத்துப்போனார்.