மனைவி என்பதற்கு ஒரு தாள்



முதலாம் ஆண்டு மாணவர் பதிவுக்கு ஒரு தந்தையார் வந்திருந்தார். கையில் நீல அடையாள அட்டை. துறைமுகப் பகுதியில் ஓட்டுநர் வேலை. உடன் வந்த துணைவியார் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். பையனின் பிறப்புப் பத்திரத்தைப் புரட்டினேன். 'குடிமகன் அல்லர்' என்ற பொருள் தரும் மலாய்ச் சொற்கள் அதில் அச்சாகியிருந்தன. கோயிலில் தாலி கட்டியாயிற்று. ஊர் கூடி விருந்துண்டாயிற்று. சட்டப்படியான திருமணப் பதிவு மட்டும் பிள்ளை பிறந்த பிறகே நடந்திருக்கிறது. "சாமி முன்னால்தானே தாலி கட்டினேன், சார். அது போதாதா?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதை இப்பதிவில் சொல்ல விழைகிறேன்.

'போதாது' என்று ஒரு நீதிமன்றம் உரக்கச் சொன்னது 1913ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப் மாநிலத்தில். அங்கே வாழ்ந்த இந்தியர் ஒருவர் தம் மனைவியை ஊரிலிருந்து அழைத்து வந்தார். குடிநுழைவு அதிகாரிகள் அப்பெண்மணியை இறங்க விடவில்லை. வழக்கு நீதிபதி சேர்ல் முன் சென்றது. பலதார மணத்திற்கு இடம் தரும் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணமாகாது என்று அவர் தீர்ப்பளித்தார். ஒரே நாளில் இந்து, முசுலிம், பார்சிப் பெண்கள் எல்லாரும் சட்டப்படி மனைவியர் அல்லர் என்றாகிவிட்டனர். பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாயிற்று.

காந்தியடிகளின் அறப்போரில் பெண்கள் களம் இறங்கியதற்கு இத்தீர்ப்பு முதன்மையான காரணம். டிரான்சுவாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களில் பெரும்பாலோர் தமிழச்சிகள். தம்பி நாயுடுவின் துணைவியாரும் அவர்களுள் ஒருவர். சிலரின் இடுப்பில் கைக்குழந்தை. அவர்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளர்களிடம் தமிழிலும் தெலுங்கிலும் பேசினார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. அக்டோபர் 21ஆம் நாள் அவர்கள் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். பின்னர்ச் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள், பதினாறு வயதில் மறைந்தார். அவரைப் பாடநூல்களில் விடுதலைப் போராட்டத் தியாகி என்றே படிக்கிறோம். தம் தாயும் பாட்டியும் சட்டப்படி மனைவியர்தாம் என்பதை நிலைநாட்டவும் அவர் சிறை புகுந்தார் என்பதை எத்தனை பேர் வகுப்பில் சொல்கிறோம்? 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு கணவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் நம் திருமணங்களை ஏற்றுக்கொண்டது.

மலாயாவின் கதை வேறு வகை. இங்கே நெடுங்காலம் கதவு திறந்தே கிடந்தது. தோட்டத்துக்கு வேண்டியது கைகள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்தார். வந்தவர்களில் ஆண்களே மிகுதி. மனைவி ஊரில், கணவன் பால்மரக்காட்டில் என்பது ஒரு தலைமுறையின் வாழ்க்கை முறையாகவே இருந்தது. 1938ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. அப்போதும் சொந்தச் செலவில் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ 'ரஜூலா' கப்பல் ஏறி வருவோர்க்குப் பெரிய தடையில்லை. தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்து, பினாங்கில் நோய்த்தடுப்புக் காவலுக்காகப் புலாவ் ஜெரெஜாக் தீவில் தங்கிய கதையை நம் பாட்டிமார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே அவர்களைச் சோதித்தவர்கள் தேடியது அம்மையும் வாந்திபேதியும். திருமணச் சான்றிதழை அல்ல.

அந்தக் காலம் 1953 ஆகஸ்டு 1ஆம் நாள் முடிந்தது. அன்று நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், நாட்டுக்குத் தேவையான திறன் உடையவர் யார், இங்கு வாழ்பவரின் குடும்பத்தினர் யார் என்று பிரித்துப் பார்த்தது. கணவனிடம் வரும் மனைவிக்கு வழி இருந்தது. ஆனால், முதன்முறையாக அவள் தன்னை மனைவி என்று மெய்ப்பிக்க வேண்டியவளானாள். 1959ஆம் ஆண்டு அந்த வழியும் ஒடுக்கப்பட்டது. கணவனை விட்டு நெடுங்காலம் பிரிந்திருந்த மனைவியரும், வளர்ந்துவிட்ட பிள்ளைகளும் தடை வரம்புக்குள் வந்தனர். பயணச் செலவுக்குப் பணம் சேரட்டும், தங்கைக்கு மணம் முடியட்டும் என்று காத்திருந்த குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். காத்திருந்ததே அவர்கள் செய்த குற்றமாயிற்று.

இதற்கிடையில், 1957ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு, குடிமகனின் மனைவி குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வழி செய்தது. குடிமகளின் கணவனுக்கு அப்படியொரு வழியை அது வைக்கவில்லை. பாசிர் கூடாங்கில் இருப்போர்க்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். 1977இல் துறைமுகம் செயல்படத் தொடங்கியதிலிருந்து இது தொழிற்சாலை நகரம். வெளிநாட்டு இளைஞர்கள் வந்து வேலை செய்யும் ஊர். தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர் உள்ளூர்ப் பெண்ணை மணக்க விதி இடம் தரவில்லை. மனம் இடம் தந்துவிடுகிறது. பிறகு படுவது அந்தப் பெண்ணும் பிள்ளையும்.

மீண்டும் அந்தத் தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். நம் மக்களின் கோயில் திருமணமும் வீட்டுத் திருமணமும் பதிவு இல்லாமலே செல்லும் என்ற நிலை இந்நாட்டில் ஒரு காலத்தில் இருந்தது. 1976ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அதை மாற்றியது. அதற்குமுன் வழக்கப்படி நடந்த திருமணங்களைப் பதிவானவையாகவே கொண்டது. அதற்குப்பின் பதிவு கட்டாயம். பலதார மணத்திற்கு முற்றுப்புள்ளி வைத்து நம் பெண்களுக்குப் பெருங்காப்பாக அமைந்த நல்ல சட்டம் அது. ஆனால், தாத்தாவுக்குச் செல்லுபடியான முறை பேரனுக்குச் செல்லாது என்ற செய்தி பல குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அதன் விளைவு பிள்ளையின் தலையில் விடிகிறது. சாசனத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, பெற்றோர் சட்டப்படி மணம் புரியாத நிலையில் பிறந்த பிள்ளைக்குத் 'தந்தை' என்று வரும் இடத்தில் 'தாய்' என்று கொள்ள வேண்டும். தாய் வெளிநாட்டவர் என்றால், தந்தையின் நீல அட்டை பிள்ளைக்கு உதவாது. பிறகு பதிந்தால் சரியாகிவிடாதா? 2021 மே 28ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. பிலிப்பீன்சில் பிறந்த ஒரு சிறுவனின் வழக்கு அது. தந்தை மலேசியர், பெற்றோர் பதிந்து மணந்தது அவன் பிறந்து ஐந்து மாதம் கழித்து. ஏழு நீதிபதிகளில் நால்வர் அவனுக்குக் குடியுரிமை இல்லை என்றனர். மூவர் உண்டு என்றனர். ஐந்து மாதமும் ஒரு வாக்கும்!

2024 அக்டோபர் 17ஆம் நாள் மக்களவை நிறைவேற்றிய சாசனத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்க்கு நெடுநாள் மறுக்கப்பட்ட உரிமையை வழங்க முன்வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் நான் மேலே சொன்ன பையனின் சிக்கலை அது தீர்க்கவில்லை.

தமிழகத்தில் பெண்ணெடுக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். வெளிநாட்டில் மணந்த மலேசியர் ஆறு மாதத்திற்குள் அத்திருமணத்தைப் பதிய வேண்டும் என்பது அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு. சென்னையில் நம் நாட்டுத் துணைத் தூதரகம் இருக்கிறது. மண்டபத்துக்கும் நகைக்கும் நாள் குறிக்கும்போதே பதிவுக்கும் நாள் குறித்துவிடுங்கள். குடிநுழைவு நேர்காணலில் எங்கே சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். நம் பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல நாணித் தலை குனிவதுண்டு. அங்கே அந்த நாணம் ஐயமாகப் படிக்கப்படலாம். புகைப்படம், பயணச்சீட்டு, அழைப்பிதழ் எதையும் எறிந்துவிடாதீர்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது ஏழு வயது. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது பன்னிரண்டு. அதாவது, ஆறாம் ஆண்டு. அவன் தந்தையார் குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கியிருக்கிறார். திருமண அழைப்பிதழின் படி ஒன்றையும் அதனுடன் சேர்த்திருக்கிறார். அதன் மேல்மூலையில் மஞ்சள் தடவிய கறை இன்னும் போகவில்லை.