தொழுவத்தின் மேல் ஒரு வீடு



இத்தாலியின் டஸ்கனி கிராமப்புறத்தில் பழைய கல் வீடுகளை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அருகே சியன்னா, சான் ஜிமிஞ்ஞானோ கோபுரங்கள், திராட்சைத் தோட்டங்கள் எனப் பார்க்க நிறைய உண்டு. நான் முதலில் அந்த வீட்டையே பார்க்கச் சொல்வேன்.

பெரும்பாலும் அது வாரத்துக்குப் பயிரிட்ட குடியானவர் வாழ்ந்த வீடு. நிலமும் வீடும் நிலக்கிழாருடையவை; விளைச்சலில் ஆளுக்குப் பாதி. 'மெட்சாத்ரியா' என்று பெயர். பாதி என்றால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வீட்டில் ஒரு கல்யாணம் என்றாலும் நிலக்கிழார் சம்மதிக்க வேண்டியிருந்தது! கீழே மாட்டுத் தொழுவம், மேலே குடும்பம். குளிர்காலத்தில் மாடுகளின் சூடே கணப்பு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் ஆலை வேலை தேடி நகரம் போனார்கள். 1964-இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடுத்தது. வீடுகள் வெறிச்சோடின. 1985-இல் பண்ணைச் சுற்றுலாவுக்குத் தனிச் சட்டம் வந்தது. தொழுவங்கள் விருந்தினர் கூடங்களாயின.

சியன்னா நகர மாளிகையில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338-39-இல் தீட்டிய நல்லாட்சி ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். அதன் வலப்பக்கம் முழுக்க இதே குன்றுகள், உழவு, அறுவடை. திரும்பி வந்ததும் கீழ்த்தளச் சுவரில் மாடு கட்டிய வளையமோ தீவனத் தொட்டியோ மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள்.