யாரை முதலில் விடுவது?

புனேவுக்கு வந்துபோகும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டாச்சு: "சுவிட்சுக்கு அப்படி என்னப்பா செட்டிங்?" வீட்டு சுவிட்ச் இல்லை மாமா, கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச். நெரிசல் வந்தால் எந்த பாக்கெட் முதலில் போகலாம், எது காத்திருக்கலாம் என்று அதில் எழுதிவைப்பதுதான் என் பிழைப்பில் பாதி. இந்தப் பிழைப்பு வந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது.

1986 அக்டோபர். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே சுமார் 400 கஜம்தான் தூரம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. நாற்பதாயிரம் இல்லை, நாற்பது! அதாவது நொடிக்கு ஐந்து எழுத்து. ஆள் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம் :-)

கம்பி ஒன்றும் அறுந்துவிடவில்லை. பாக்கெட் தாமதமானால், தொலைந்துவிட்டது என்று நினைத்து கம்ப்யூட்டர் இன்னொரு நகலை அனுப்பும். எல்லாக் கம்ப்யூட்டரும் இதையே செய்ய, வழி முழுக்க நகல்கள். ஜான் நேகிள் 1984லேயே எச்சரித்திருந்தார். வான் ஜேக்கப்சன் 1988ல் வெளியிட்ட வைத்தியம் எளிமையானது. பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு, அனுப்புகிறவரே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மெல்லக் கூட்டலாம். என்னைக் கேட்டால், சுவிட்சில் நாங்கள் எழுதும் அத்தனையையும்விட இணையத்தைக் காப்பாற்றியது இதுதான்.

ஆனால் அவசரம் எல்லாருக்கும் ஒன்றல்லவே? அதே காலத்தில் என்.எஸ்.எஃப்.நெட் என்ற அமெரிக்க ஆய்வு வலையமைப்பின் முதுகெலும்பு வெறும் 56 கிலோபிட். ஒருவர் பெரிய கோப்பை இறக்கினால், தூரத்துக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிறவருக்கு எழுத்து திரையில் வர யுகமாகும். அங்கிருந்த 'ஃபஸ்பால்' ரவுட்டர்கள் டேவிட் மில்ஸ் உருவாக்கியவை. டைப் அடிக்கும் பாக்கெட்டுகளை அவற்றில் முன்னால் விட்டார்கள். ஆனால் வெளியே மூச்சு விடவில்லை. தெரிந்தால் கோப்பு அனுப்புகிறவர்களும் அதே வேஷம் போடுவார்களே!

பயம் நியாயமானதுதான். 1981லேயே ஒவ்வொரு ஐ.பி. பாக்கெட்டின் தலைப்பிலும் முன்னுரிமைக்கு மூன்று பிட் இருந்தது. 'நான் அவசரம்' என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். எல்லாக் காரிலும் ஆம்புலன்ஸ் சைரன் இருந்தால் யார் வழிவிடுவார்கள்? 1998ல் வந்த டிஃப்செர்வ் இதற்கு ஆறு பிட் எடுத்துக்கொண்டது. 64 குறிகள், பேச்சுக்கு வழக்கமாக 46. முக்கியமாக, குறியை வலையமைப்பின் வாசலிலேயே சரிபார்க்கச் சொன்னது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் இதற்கான கட்டளையில் 'டிரஸ்ட்' என்றே ஒரு சொல் வரும். மேசையில் இருக்கும் ஐ.பி. போனை நம்பு, அதன் பின்னால் செருகிய கம்ப்யூட்டரை நம்பாதே!

முன்வரிசைக்கும் வரம்பு கட்டவேண்டும். இணைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. இல்லாவிட்டால் மற்ற வரிசைகள் பட்டினி. முன்பு நான் இருந்த ஒரு அலுவலகத்தில், அதிகாரிகளின் லேப்டாப் எல்லாவற்றையும் பேச்சு வரிசையில் போடச் சொன்னார்கள். போட்டால் அவர்களுடைய போன் பேச்சுதான் முதலில் வெட்டும் என்று புரியவைக்க இரண்டு மீட்டிங் ஆனது.

ஊரிலிருக்கும் அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் பேசும்போது மட்டும் இந்த 46 செல்லுபடியாகாது. பொது இணையத்தில் நம் குறியை யாரும் மதிப்பதில்லை. அங்கே நெரிசல் வந்தால் ஆப்தான் படத்தை மங்கலாக்கி, குரலைக் காப்பாற்றப் பார்க்கும். அந்த நேரத்தில் பையன் கேம் டவுன்லோடு செய்துகொண்டிருந்தால், பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள்.