வான்வழி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு

தாழப் பறக்கும் சிறு விமானத்தில் இருந்தபடி ஏரி, சதுப்புநிலம், கழிமுகம் ஆகியவற்றில் உள்ள நீர்ப்பறவைகளை எண்ணும் முறை. கால் வைக்க முடியாத சேற்றுப் பரப்புகளுக்கு இதுவே வழி. கிழக்கு ஆப்பிரிக்காவின் நேட்ரான் ஏரியில் சிறு பூநாரைகள் கூடு கட்டும் இடத்தை 1954-இல் பறவையியலாளர் லெஸ்லி பிரௌன் விமானத்திலிருந்துதான் கண்டார். பிறகு அதே இடத்துக்கு நடந்து போக முயன்று, காரச் சேற்றில் கால்கள் வெந்து உயிர் பிழைத்ததே பெரிதாயிற்று.

முறைக்கு ஒழுங்கு வந்தது வட அமெரிக்காவில். வாத்து வேட்டைக்கு ஆண்டுதோறும் வரம்பு விதிக்க எண்ணிக்கை தேவைப்பட்டது. 1955 முதல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து எண்ணி வருகின்றன. கொரோனா காரணமாக 2020, 2021 ஆண்டுகளில் மட்டும் விமானம் எழவில்லை. ஏறத்தாழ 45 மீட்டர் உயரத்தில் நேர்கோட்டில் பறப்பார்கள். விமானி ஒரு பக்கமும் உடன் வருபவர் மறுபக்கமும், தலா 200 மீட்டர் அகலத்துக்குள் தெரிவதை மட்டும் எண்ணி வாயால் பதிவு செய்வார்கள். நாணலுக்குள் பதுங்கியவை கண்ணில் படா. அதனால் அதே கோட்டின் சில துண்டுகளைத் தரைக்குழு தனியாக எண்ணும். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு விமானக் கணக்கைத் திருத்துவார்கள். விமானத்தை விட இந்தத் திருத்தமே முறையின் உயிர்நாடி எனலாம்.

ஆஸ்திரேலியாவில் 1983-இல் தொடங்கிய கணக்கெடுப்பு, நாட்டின் கிழக்குப் பகுதியை 30 கிலோமீட்டர் அகலமுள்ள பத்துப் பட்டைகளில் ஆண்டுதோறும் கடக்கிறது. பல்லாண்டாக இதை நடத்திவரும் ரிச்சர்டு கிங்ஸ்ஃபோர்டு குழுவினர், பறவைகள் குறைந்ததற்கு வறட்சியோடு அணைகளும் ஆற்றுநீரைத் திருப்பியதும் காரணம் என்று காட்டினார்கள். ஒரே கோட்டில் திரும்பத் திரும்பப் பறந்ததன் பலன் அது.

இந்தியாவில் எண்ணிக்கை பெரும்பாலும் தரையில்தான். கட்ச் ரண்ணில் ‘பூநாரை நகர்’ எனப்பட்ட கூடுகட்டும் இடத்தை 1945-இல் பறவையியலாளர் சாலிம் அலி ஒட்டகத்தில் சென்று மதிப்பிட்டார்; ஐந்து லட்சம் பறவைகள் என்றார். 1967-இல் தொடங்கிய பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் ஆசியப் பிரிவு 1987-இல் உருவானது. ஜனவரி மாதத்தில் தன்னார்வலர்கள் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டு வனத்துறையும் ஒரே நாளில் பல இடங்களில் கணக்கெடுப்பு நடத்துகிறது.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருந்தாலும் பெரும்பாலானவை ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரிகிற அளவே. வடக்கனந்தல் வட்டாரத்தின் கோமுகி அணை இன்னொரு வகை: 46 அடி நீர்மட்டம், மேலே கல்வராயன் மலை. மலையடிவாரத்தில் தாழப் பறப்பது ஆபத்து, தேவையும் இல்லை. காலை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு கரையில் நின்று தொலைநோக்கியால் பார்த்தால் போதும். கூட்டம் பெரிதானால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பிடித்துக்கொண்டு, அதே அளவால் கூட்டம் முழுவதையும் அளப்பார்கள். எண்ணுபவர் எவ்வளவு பழகியவரானாலும் பெருங்கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடுவது வழக்கம். நீர்மட்டம் எத்தனை அடி என்பதையும் கூடவே எழுத வேண்டும். நீர் வடிந்து சேறு வெளிப்பட்ட வாரமும் அணை நிரம்பிய வாரமும் ஒன்றாகா. இந்தக் குறிப்பு இல்லாத எண்ணிக்கையை அடுத்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

விமானத்தின் இடத்துக்கு இப்போது ட்ரோன் வருகிறது. படம் கையில் இருப்பதால் பறவைகளை நிதானமாக, ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணலாம். ரொம்பத் தாழ்ந்தால் மட்டும் கூட்டம் கலைந்து எழும்.